ஓடும் லொறியை எடை பார்க்கும் கம்பி: ஒரு திருகோணமலை அனுபவம்

கிண்ணியாப் பக்கத்திலிருந்து வரும் ஆற்று மணல் கியூப் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு கியூப் என்றால் 100 கன அடி. அனுமதிப் பத்திரம், லொறி வாடகை, வீடு கட்டுகிறவரின் செலவுக் கணக்கு எல்லாம் கியூபில்தான் நடக்கின்றன. வீதிக்குக் கியூப் தெரியாது. சக்கரம் எத்தனை தொன் அமுக்குகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

காய்ந்த மணல் ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 1.6 தொன் இருக்கும். ஆற்றிலிருந்து அள்ளித் தண்ணீர் வடிவதற்குள் ஏற்றினால் அதே கன மீற்றர் 1.9 தொன், சில வேளை 2 தொன்னும் வரும். மூன்று கியூப் மணல் 8.5 கன மீற்றர். காய்ந்திருந்தால் 13.6 தொன், ஈரமாக இருந்தால் 16 தொன்னைத் தாண்டிவிடும். பெட்டியில் மணலின் மட்டம் இரண்டு நாளும் ஒன்றுதான். பத்திரமும் ஒன்றுதான். கூடிப்போன சுமையைச் சாரதியாலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த வித்தியாசம் ஏன் பெரிது என்று விளங்கிக்கொள்ள 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடந்த ஒரு பெரிய வீதிப் பரிசோதனையைப் பார்க்க வேண்டும். ஒட்டாவா என்ற ஊருக்கு அருகில் சோதனை வீதிகளைப் போட்டு, பல வகைச் சுமைகளோடு லொறிகளை மாதக்கணக்கில் ஓடவிட்டார்கள். அச்சுச் சுமை கூடக்கூட வீதியின் சேதம் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடுகிறது என்பது அங்கே கிடைத்த முடிவு. 8 தொன் இறங்க வேண்டிய அச்சில் 9.2 தொன் இறங்கினால் சுமை 15 சதவீதம்தான் கூடியிருக்கும். சேதமோ முக்கால் பங்கு கூடிவிடும். அச்சில் 12 தொன் இறங்கினால் சேதம் ஐந்து மடங்கு. நம் ஊரில் புதிதாகப் போட்ட வீதி இரண்டு மழைக்குள் பள்ளமாகும்போது எல்லோரும் தாரைத்தான் குறை சொல்கிறோம். தாரில் குறை இருக்கலாம். ஆனால் அதன் மேல் என்ன ஓடியது என்று அளந்து பார்ப்பவர்கள் அரிது.

திருகோணமலை மாவட்டத்துக்கு இது வெறும் கணக்கு அல்ல. 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அணைக்கட்டின் மேலால் மிகப் பாரமான வாகனங்கள் ஓடியதும் அந்த உடைப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இன்றும் சீனன்குடாப் பக்கமிருந்து மாவும் சீமெந்தும் எரிபொருளும் வெளியேறுகின்றன, புல்மோட்டைப் பக்கம் கனிய மணல் இருக்கிறது, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஆற்று மணல். இவற்றில் பெரும்பகுதி கண்டி வீதியிலோ மட்டக்களப்பு வீதியிலோதான் ஏறுகிறது.

நான் வீதிப் பொறியியல் படித்தவன் அல்லன். தொலைபேசி, இணைய இணைப்புகளுக்காக ஒளியிழைக் கம்பி இழுத்து இணைப்பது என் தொழில். ஊரில் பைபர் வேலை என்பார்கள். கண்டி வீதியை ஒட்டிய ஒரு மணல், கல் களஞ்சியத்தில், லொறிகள் வெளியேறும் பாதையில் ஒளியிழை உணரி பதித்துப் பரீட்சித்துப் பார்க்க ஒரு சிறு குழு முன்வந்தபோது, இழையை இணைக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அந்த முற்றத்தில் லொறியை நிற்பாட்டி எடை பார்க்கும் வேபிரிட்ஜ் முன்பே இருந்தது. ஓடும்போது கம்பி சொல்வதையும், நின்றபின் வேபிரிட்ஜ் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. இப்படி ஒரு வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டியதும் இப்படிப்பட்ட இடத்தைத்தான்.

கம்பிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒளியிழையின் கண்ணாடி 125 மைக்ரோன் தடிப்பு; ஒரு மைக்ரோன் என்றால் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் நடுவில் ஒளி ஓடும் பகுதி ஏறத்தாழ 9 மைக்ரோன். அந்த நடுப்பகுதியில் சில மில்லிமீற்றர் நீளத்துக்கு, மிக நெருக்கமான இடைவெளியில், ஒளிமுறிவு மாறி மாறி வரும்படி புறஊதா ஒளியால் கோடுகள் பதித்துவிடுவார்கள். இதைப் பிராக் கீற்றணி என்பார்கள். கண்ணாடி இழையில் ஒளியாலேயே இப்படிப் பதிக்கலாம் என்று 1978-இல் கனடாவில் கென் ஹில்லும் அவருடைய குழுவினரும் கண்டார்கள். கீற்றணிக்குள் பல அலைநீளங்கள் கலந்த ஒளியை அனுப்பினால் ஒரேயொரு அலைநீளம் மட்டும் திரும்பி வரும். சக்கரம் ஏறி இழை இழுபட்டால் கோடுகளின் இடைவெளி கூடும். திரும்பி வரும் அலைநீளமும் மாறும். 1550 நானோமீற்றர் அளவில், இழை பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நீண்டால் அலைநீளம் 1.2 பிக்கோமீற்றர், அதாவது நானோமீற்றரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு, நகர்கிறது. இந்த நகர்வை வாசிக்கும் கருவி பாதையோரப் பெட்டிக்குள் இருக்கும். வீதிக்குள் கண்ணாடி மட்டும்தான், மின்சாரம் இல்லை. சித்திரை, ஐப்பசி இடிமழையில் செப்புக் கம்பி இணைப்புகள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பெட்டிக்கு வரும் மின்சாரத்துக்கு இடிதாங்கியும் நிலக் கம்பியும் போட்டேயாக வேண்டும் என்பது வேறு விடயம்.

ஓடும் வாகனத்தை எடை பார்க்க உலகில் பரவலாகப் பயன்படும் ஒன்று குவார்ட்ஸ் படிக உணரி. மிகத் துல்லியமானது. ஆனால் அழுத்தும்போது படிகத்தில் தோன்றும் மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசிந்துவிடும். அதனால் லொறி உணரியின் மேலேயே நின்றுவிட்டாலோ ஊர்ந்து போனாலோ அதன் கணக்கு பிசகும். ஒளியிழையோ, லொறி நின்றால் நின்ற சுமையையும் காட்டும். களஞ்சிய வாசலில் சாரதிகள் பத்திரத்தை நீட்டியபடி ஊர்ந்துதான் வருவார்கள் என்பதால் எங்கள் இடத்துக்கு இது பொருந்தியது.

“நிலத்தில் ஏற்கெனவே போட்டிருக்கும் இணையக் கம்பியாலேயே எடை பார்க்க முடியாதா?” என்று பலர் கேட்டார்கள். புதைத்த கம்பியின் முழு நீளத்தையும் அதிர்வு உணரியாக மாற்றும் முறை இருக்கிறது. வாகனம் போகிறதா, எந்தத் திசையில், என்ன வேகம் என்பதையெல்லாம் அது சொல்லும். கம்பிக்கும் சக்கரத்துக்கும் இடையே கிரவலும் களிமண்ணும் வெறுங்குழாயும் இருக்கும்போது, எத்தனை தொன் என்று அச்சு அச்சாகப் பிரித்துச் சொல்வது அந்த முறையால் ஆகாது. எடைக்கு இழை சக்கரத்தின் நேர் கீழே, அசையாமல் பிடிபட்டு இருக்க வேண்டும்.

பதிக்கும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் முக்கால்வாசிக் காரியம் இருக்கிறது.

பாதைக்குக் குறுக்கே ஐந்து சென்றிமீற்றர் அகலம், ஐந்து சென்றிமீற்றர் ஆழத்தில் பள்ளம் வெட்ட வேண்டும். கீற்றணிகள் உள்ள இழையை அதில் வைத்து, இறுகிப்போகும் எப்பொக்சிப் பசையை ஊற்றி மூடுவோம். இப்படி மூடிய பள்ளத்தைத்தான் கீற்று என்கிறேன். கொங்கிறீட் வெட்டும் இயந்திரம் தண்ணீர் ஊற்றியபடி வெட்டுவதால் பள்ளம் சேறாகிவிடும். கழுவி, காற்றடித்து, அடித்தளம் முழுவதும் காயும்வரை விட்டுவிட வேண்டும். மேலே காய்ந்ததுபோல் தெரியும். விரலை வைத்து அழுத்தினால் குளிரும். அந்த ஈரத்தின் மேல் எப்பொக்சியை ஊற்றினால் அது பிடிக்காது. பிடிக்காத இடத்தில் ஒவ்வொரு சக்கரமும் உணரியை ஆட்டும், சில மாதத்தில் கீற்று முழுவதும் கழன்று வரும். எங்களோடு இருந்த வயதான கொங்கிறீட் மேசன் ஒரு தகரத் துண்டைப் பள்ளத்தின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். காலையில் தகரத்தின் உட்புறம் வியர்த்திருந்தது. “இன்றைக்கு ஊற்ற வேண்டாம், தம்பி” என்றார். அன்று ஊற்றவில்லை.

திருகோணமலையில் இந்த வேலைக்கு நாள் பார்க்கத் தெரிய வேண்டும். ஐப்பசி முதல் தை வரை வாடைக் காற்றோடு மழை. அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது காய்ந்த நிலம் கொதிக்கும், புழுதி எழும். வெயிலில் எப்பொக்சி கலந்த சிறிது நேரத்துக்குள் இறுகத் தொடங்கிவிடும், பள்ளத்தின் மறுகரைக்குப் போய்ச் சேராது. புழுதியோ இழை முனைக்கு நஞ்சு. 9 மைக்ரோன் பாதையின் வாயில் ஒரு துகள் ஒட்டினாலே ஒளி தடைப்படும். மாசி முடிவிலிருந்து சித்திரை வெயில் ஏறும் முன்பான காலம், அதுவும் விடியற்காலை, எனக்கு ஒத்து வந்தது.

இழை வேலையில் என் தொழில்காரர்களுக்கு இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது இணைப்பான். நாம் வீடுகளுக்குப் பெரும்பாலும் எதை மாட்டிப் பழகியிருந்தாலும், இங்கே முனை எட்டுப் பாகை சாய்வாகச் சீவப்பட்ட பச்சை நிற இணைப்பான்தான் வேண்டும். நேர்முனையில் தெறித்துத் திரும்பும் ஒளி, கீற்றணியிலிருந்து வரும் ஒளியோடு கலந்து வாசிப்பைக் குழப்பும். இரண்டாவது, ஒரே இழையில் பல கீற்றணிகள் இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனி அலைநீளம் இருக்கிறது. சுமை ஏறி நகரும்போதும் வெயிலில் நகரும்போதும் ஒன்று மற்றதன் இடத்துக்குள் புகாத இடைவெளி இருக்க வேண்டும். வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். பதித்த பிறகு மாற்ற முடியாது.

எப்பொக்சி இறுகியதும் மேற்பரப்பை வீதி மட்டத்துக்குத் தேய்க்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் மேடு இருந்தாலும் சக்கரம் அதில் மோதும். கருவி எடையோடு மோதலையும் சேர்த்து எழுதும். ஒரு நேர்மட்டக் கட்டையை வைத்து, அதன் கீழே காகிதம் நுழைகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தோம்.

பிறகு லொறி ஓட்டம். வேபிரிட்ஜில் அச்சு அச்சாக எடை பார்த்த ஒரு டிப்பரை, அதே சுமையோடு, வெவ்வேறு வேகத்தில் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும். அந்த டிப்பரின் சாரதி முப்பது வருடம் லொறி ஓட்டியவர். கிண்ணியாவில் பாலம் வருமுன், பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் லொறியை ஏற்றி இறக்கிய காலத்து மனிதர். கணினித் திரையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு கூர்முனை எழுந்து விழுவதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, நான் கம்பிக்குக் கிட்ட வந்து மெதுவாகப் பிரேக் பிடித்தால் முன் சக்கரம் அமுங்கும், பின் சக்கரம் இளகும். இதை உங்கள் கம்பி அறியுமா?”

“அறியாது, அண்ணை. அந்த நொடியில் சக்கரம் எவ்வளவு அமுக்கியதோ அதை மட்டும்தான் சொல்லும்.”

“அப்படியென்றால் அது பாரம் அல்லவே.”

அவர் சொன்னதுதான் இந்தத் துறையின் மையம். கம்பி அளப்பது வாகனத்தின் எடையை அல்ல, சக்கரம் வீதியைத் தொட்ட அந்தக் கணத்துத் தள்ளலை. லொறியின் உடல் ஸ்பிரிங்கின் மேல் நொடிக்கு ஒன்றரை முதல் நான்கு தடவை வரை ஏறி இறங்கிக்கொண்டே போகிறது. தராசில் ஏறித் துள்ளுகிற பிள்ளையை எடை பார்ப்பதுபோல், எந்த நேரத்தில் பார்த்தோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். மேடு பள்ளமில்லாத வீதியிலேயே இந்த ஏற்ற இறக்கம் பத்துச் சதவீதம் வரை போகலாம். குண்டும் குழியுமான வீதியில் முப்பதையும் தாண்டும். ஆகவே உணரிக்கு முன்னால் உள்ள வீதியும் தராசின் ஒரு பாகம். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் இ1318 தரவிதி, உணரிக்கு முன்னே 60 மீற்றரும் பின்னே 30 மீற்றரும் வீதி மட்டமாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அப்படி இருந்தும் அதன் முதல் வகைக் கருவிக்கு, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை, மொத்த எடையில் பத்துச் சதவீதமும் தனி அச்சில் இருபது சதவீதமும் பிழையை அது அனுமதிக்கிறது.

எங்கள் பாதையில் வாசலுக்குச் சற்று முன்னால் தண்ணீர் வடிவதற்காகப் போட்ட ஒரு சிறு தாழ்வு இருந்தது. நடந்தால் தெரியாது. அதில் இறங்கி ஏறிய டிப்பர் உணரிக்கு வரும்போது ஒவ்வொரு தடவையும் துள்ளலின் ஒரே கட்டத்தில் வந்தது. முதல் கீற்று எப்போதும் கூட்டியே காட்டியது. அந்தத் தாழ்வை நிரவிய பிறகு கிடைத்த திருத்தம், கணினியில் எத்தனை சூத்திரம் மாற்றியும் கிடைத்திராத திருத்தம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: பணம் மட்டாக இருந்தால் விலை கூடிய வாசிப்புக் கருவியை விட்டுவிட்டு, அந்தப் பணத்தை முன்னால் உள்ள வீதிக்குப் போடுங்கள்.

இரண்டு கீற்றுகள் பதிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எங்களோடு இருந்த இளம் பொறியியலாளர் அதைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டினார். “அண்ணா, மணிக்கு 40 கிலோமீற்றரில் லொறி நொடிக்கு 11 மீற்றர் போகிறது. நொடிக்கு மூன்று தடவை துள்ளினால், ஒரு துள்ளலுக்கு 3.7 மீற்றர். இரண்டு கீற்றையும் 3.7 மீற்றர் தள்ளி வைத்தால் இரண்டும் ஒரே பிழையைச் சொல்லும். அதில் பாதி தூரத்தில் வைத்தால், ஒன்று கூட்டிச் சொல்வதை மற்றது குறைத்துச் சொல்லும். சராசரி எடுத்தால் உண்மைக்கு நெருங்கும்.” வேகம் மாறினால் இந்தத் தூரமும் மாறும் என்பதால்தான் பெரிய வீதிகளில் மூன்று, நான்கு கீற்றுகளைச் சமமற்ற இடைவெளியில் பதிக்கிறார்கள்.

இரண்டு கீற்று இல்லாமல் வேகமும் தெரியாது. ஐந்து சென்றிமீற்றர் கீற்றைவிட, டயர் நிலத்தில் பதியும் நீளம் பெரியது. எனவே எந்த நொடியிலும் சக்கரத்தின் சுமையில் ஒரு துண்டுதான் கீற்றின் மேல் இருக்கிறது. கூர்முனையின் உயரத்தைப் பார்க்காமல், அதன் கீழுள்ள பரப்பைக் கூட்டி, வேகத்தால் பெருக்கித்தான் எடைக்குப் போக முடியும். வேகத்தில் ஒரு சதவீதப் பிழை, எடையிலும் ஒரு சதவீதப் பிழை. கீற்றுகளின் இடைவெளியை இரும்பு நாடாவால், இரண்டு பக்கச் சக்கரத் தடத்திலும் அளந்து எழுதி வையுங்கள். வாசிப்புக் கருவியின் வேகமும் முக்கியம். 40 கிலோமீற்றர் வேகத்தில் டயர் கீற்றைக் கடக்க 27 மில்லி நொடிதான் ஆகிறது. நொடிக்கு நூறு தடவை வாசிக்கும் கருவிக்கு அதில் இரண்டு மூன்று புள்ளிகள்தான் அகப்படும்; பரப்பே கூட்ட முடியாது. ஆயிரம் தடவையாவது வாசிக்க வேண்டும்.

வெப்பம் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். கீற்றணி ஒரு பாகை சூட்டுக்குப் பத்துப் பிக்கோமீற்றர் அளவில் நகரும் என்பது உண்மை. ஆனால் வெயில் மெதுவாக ஏறுகிறது, சக்கரம் மில்லி நொடிகளில் போய்விடுகிறது. சக்கரம் வருமுன் இருந்த மட்டத்தைக் கழித்துவிட்டால் அந்த நகர்வு போய்விடும். தொல்லை தருவது வேறொன்று. தார் காலையில் இறுக்கமாக இருக்கிறது, உச்சி வெயிலில் இளகுகிறது. அதே சக்கரம், அதே சுமை. இழை இழுபடும் அளவு மட்டும் காலைக்கும் மதியத்துக்கும் வேறு. இதற்குச் சுமை படாத ஒரு கீற்றணியைச் சூடு பார்க்கவென்றே அதே பள்ளத்தில் தளர்வான குழாய்க்குள் வைத்து, காலையும் நண்பகலும் மாலையும் அதே டிப்பரை ஓட்டி, சூட்டுக்கு ஏற்ற திருத்த அட்டவணை போட வேண்டும். இடத்தைத் தெரிவு செய்ய வாய்ப்பிருந்தால் தாரை விட்டுவிட்டுக் கொங்கிறீட் தளத்தில் பதியுங்கள். நம் வெயிலுக்கு அதுதான் சரி.

வீதியை வெட்டவே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பாலத்தின் அடியில் விட்டங்களில் உணரியை ஒட்டி, பாலம் எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து மேலே போன லொறியின் அச்சுகளைக் கணிக்கும் முறையை பிரெட் மோசஸ் 1979-இல் எழுதினார். மின்னுணரிக்குப் பதில் இழையை ஒட்டினால் உப்புக் காற்றில் துருப்பிடிக்க ஒன்றுமில்லை. கடலும் கழிமுகமும் ஆறும் சூழ்ந்து, பாலத்துக்கு மேல் பாலமாகக் கடந்து போகும் நம் மாவட்டத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் பேராசை.

செக் குடியரசு, ஹங்கேரி போன்ற நாடுகளில் ஓடும்போதே எடை பார்த்துத் தண்டமும் விதிக்கிறார்கள். அங்கே வீதியின் மட்டம், உணரியின் பரிசோதனை, சட்டம் மூன்றும் அதற்காகவே ஒழுங்குபட்டிருக்கின்றன. நம்மிடம் முதல் வேலை தண்டம் விதிப்பது அல்ல என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பத்துச் சதவீதப் பிழையுள்ள எண்ணை வைத்துக்கொண்டு நாள் கூலிக்கு ஓடும் சாரதியை மடக்குவது அநியாயம். அந்த எண் வேறொன்றுக்கு நன்றாகப் பயன்படும். சந்தேகமான லொறியை மட்டும் வேபிரிட்ஜுக்குத் திருப்பலாம். மற்றவை நிற்காமல் போகலாம். களஞ்சியத்தில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். வாசலில் ஒரு பச்சை விளக்கும் ஒரு மஞ்சள் விளக்கும். மஞ்சள் எரிந்தால் வேபிரிட்ஜுக்குத் திரும்ப வேண்டும். அங்கே கூடுதல் உறுதியானால், ஏற்றிய இயந்திரமே ஒரு வாளி மணலை இறக்கிவிடும்.

அந்த முப்பது வருடச் சாரதிக்கு மஞ்சள் எரிந்த ஒரு நாள், பின் அச்சில்தான் கூடுதல் என்று திரை காட்டியது. அவர் இறங்கிப் போய், ஏற்றும் இயந்திரக்காரரிடம், அடுத்த தடவை மணலை வண்டியின் முன்பக்கம் தள்ளிக் கொட்டும்படி சொன்னார். மொத்த எடை அளவுக்குள் இருந்தபோதும் ஓர் அச்சு மட்டும் அளவு மீறும் சங்கதியை அதற்கு முன் அவருக்கு யாரும் காட்டியதில்லை.

ஆகவே நெடுஞ்சாலையில் தொடங்க வேண்டாம். மணல் ஏற்றும் இடத்தின் வாசலில், கல் குவாரியின் வாசலில் தொடங்குங்கள். அங்கே வேகம் குறைவு, கொங்கிறீட் தளம் போடலாம், கூடுதல் சுமையை இறக்க ஆளும் இயந்திரமும் பக்கத்திலேயே உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது எடை தெரிந்த லொறியை ஓட்டி அட்டவணையைச் சரிபார்க்க ஒருவரைப் பொறுப்பாகப் போடுங்கள்; வாடை மழை முடிந்து தை மாதத்தில் ஒரு தடவை கட்டாயம். ஈர மணல் ஏற்றுகிறவர்கள் அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: அள்ளிய மணலைக் கரையில் ஒரு இரவு வடியவிட்டு ஏற்றுங்கள். அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.